கார் நாற்பது

ஊர்தி என்பது பழைய தமிழ்ச் சொல். அதற்கு அடியாகிய ஊர்தல் என்னும் வினைக்கு இரு பொருள் உண்டு. எறும்பு ஊர்கின்றது என்னுமிடத்து நிலத்தோடு பொருந்தி மெல்ல நகர்தலைக் குறிக்கும். அரசன் யானை ஊர்ந்தான் என்னுமிடத்து ஏறிச் செலுத்துதலைக் குறிக்கும். துவிச்சக்கரவண்டி ஒன்றையும் சேர்த்து இதுவரை ஐந்து ஊர்திகளுக்கு நான் உடையவன் ஆகியிருக்கிறேன். அவற்றை நான் ஊர்ந்தேனா, அன்றி அவைதாம் ஊர்ந்தனவா என்பது ஐயத்துக்கு உரியது. இரு பொருளும் பொருந்தும் என்று உரையாசிரியர்களைப் போலச் சமாதானம் கூறி மேலே செல்லுகிறேன்.

இந்தக் கணக்கெடுப்புக்கு ஒரு காரணம் உண்டு. அண்மையில் ஒருவர் கொழும்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய கார்களை வாங்கிச் செப்பனிட்டு விற்பது அவர் தொழில். கொட்டிலில் கிடக்கும் எங்கள் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு விலை சொன்னார். ஒரு பண்டிதன் பல ஆண்டு கற்பித்தும் மிச்சம் பிடிக்க முடியாத தொகை அது. யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன். யோசனை காரோடு நிற்கவில்லை.

தந்தையார் வாங்கியது

எங்கள் கார் ஒஸ்ரின் ஏ40 சோமசெற். இங்கிலாந்தின் பேமிங்காம் நகரை அடுத்த லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்யப்பெற்ற வகை. நான்கு சிலிண்டர், 1,200 சீ.சீ. எஞ்சின், கியர்த்தண்டு ஸ்ரியறிங்கின் கீழே இருக்கும். வலப்பக்கம் திரும்பவேண்டுமாயின் கதவையடுத்த தூணிலிருந்து சிறு கைபோல ஒன்று வெளியே எழுந்து திசை காட்டும். பற்றரி சோர்ந்துபோனால் முன்னால் கைபிடித் தண்டைச் செருகிச் சுற்ற வேண்டும். சுற்றுவது இளமையில் என் பணி.

தந்தையார் அதனை 1967 இல் ஒரு வைத்தியரிடம் வாங்கினார். அக்காலத்தில் புதிய கார் வாங்குவது எளிதன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 வரை இந்நிலை நீடித்தது. ஆகவே உள்ள காரையே ஓட்ட வேண்டும். உடைந்தால் ஒட்ட வேண்டும். யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் இல்லாத பாகத்தைக் கடைந்து செய்தார்கள். வேறொரு வண்டியின் பாகத்தை அராவிப் பொருத்தினார்கள். பிறந்த நாட்டில் அருங்காட்சிப் பொருளாகிவிட்ட ஏ40களும் மொறிஸ் மைனர்களும் எங்கள் ஒழுங்கைகளிலே கலியாணத்துக்கும் ஆசுபத்திரிக்கும் ஓடிக்கொண்டிருந்தமைக்கு இதுவே காரணம்.

எங்கள் அயலில் முதிய பண்டிதர் ஒருவர் வாழ்ந்தார். பதினான்கு வயது முதல் மாலைதோறும் அவர் வீட்டு விறாந்தையில் நான் பாடம் கேட்டேன். நன்னூல் அவரிடம் கற்றேன்; கீழ்க்கணக்கும் அவரிடம் கற்றேன். பதினெண்கீழ்க்கணக்கில் கார் நாற்பது என ஒரு நூல் உண்டு. மதுரைக் கண்ணங்கூத்தனார் செய்தது. கார்காலத்தில் மீள்வேன் என்று சொல்லிப் பிரிந்த தலைவனை நோக்கியிருக்கும் தலைவியும், மீண்டு வரும் அவன் தேரும் அதன் பொருள். என் ஆசிரியர் எங்கள் ஏ40க்கு அப்பெயரையே சூட்டிவிட்டார். “தம்பி, உங்கள் வீட்டுக் கார் நாற்பது இன்றைக்கு ஓடுமோ?” என்று கேட்பார். வெள்ளிதோறும் தந்தையார் அவரை நல்லூருக்கு அழைத்துச் செல்வார். பின்னாசனத்தின் இடப்பக்கமே அவர் இருக்குமிடம். அவர் இல்லாத நாளிலும் அவ்விடத்தில் நாங்கள் இருப்பதில்லை. அப்படி ஒரு விதி யாரும் செய்யவில்லை, தானாக அமைந்தது.

மண்ணெண்ணெய்க் காலம்

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது, மின்சாரமும் நின்றது. எப்படியோ கிடைத்த சிறிதளவு பெற்றோல் மருந்துபோலப் போத்தலில் விற்கப்பட்டது. கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின.

பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் அவ்வாறன்று, எஞ்சின் சூடேறிய பின்னரே அது ஆவியாகி எரியும். ஆகவே முதலில் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் ஊதி எஞ்சினை எழுப்ப வேண்டும். சூடேறும்வரை அதனைக் காக்க வேண்டும். பின்னர் மண்ணெண்ணெயைத் திறந்துவிட வேண்டும். வழியில் நின்றுவிட்டால் இந்தக் கிரியை முழுவதையும் மறுபடியும் செய்ய வேண்டும். பிளக்கிற் கரி படியும். புகை வெண்மேகமாய் எழும். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சினாதலின் எங்கள் ஏ40 ஒருவாறு அதனைப் பொறுத்துக்கொண்டது. புதிய வண்டிகள் இருமின, முதியது நடந்தது.

1993 இல் நான் ஒரு மோட்டார்ச் சைக்கிள் வாங்கினேன், ஹொண்டா எம்.டி. 90. 1958 இல் ஜப்பானில் வெளிவந்த சுப்பர் கப் என்னும் வகையின் வழித்தோன்றல் அது. அங்கே தபாற்காரருக்கெனச் செய்யப்பட்டது. கைக்கிளச்சு இல்லை. நடுப்பகுதி தாழ்ந்திருத்தலின் வேட்டி உடுத்தவனும் காலை உயர்த்தாமல் ஏறலாம். பண்டித வகுப்பாரை மனத்துட்கொண்டே ஜப்பானியர் அதனை ஆக்கினர் என்று என் ஆசிரியர் முடிவு செய்தார். மண்ணெண்ணெய் மணம் என் வேட்டியிலும் சால்வையிலும் ஏறியது. வகுப்பறைக்குள் நான் புகுமுன் என் மணம் புகும். மாணவர் எழுந்து நிற்பர்.

ஐப்பசி மழை

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு எழுந்தார்கள். தென்மராட்சிக்குச் செல்லும் வழியெல்லாம் மக்கள் வெள்ளம். மழையும் பெய்தது. இலக்கணப்படி ஐப்பசி கூதிர்ப் பருவம்; கார் அன்று. அன்று அந்த வேறுபாடு எனக்குத் தோன்றவில்லை.

காரில் முன்னே தந்தையார்; பின்னே அம்மாவும் மாமியும். இடப்பக்க ஆசனத்தில் நான்கு பெட்டி புத்தகங்களை அடுக்கினேன். நாவலர் பதிப்புகள் சில. தாமோதரம்பிள்ளை 1887 இல் முதன்முதலாக அச்சேற்றிய கலித்தொகை. பண்டித வகுப்புக்கு நான் எழுதிய குறிப்புகள். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது எனக்குப் பதினொரு வயது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. தந்தையார் என்னை அழைத்துச் சென்று காட்டினார். அதனைக் கண்ட நாள் முதல் ஏடு என்றாலே எனக்கு நெருப்பின் நினைவு வரும். ஆகவே பெட்டிகளை ஏற்றினேன். மோட்டார்ச் சைக்கிளைக் கொட்டிலில் விட்டேன்.

ஆசிரியரை அழைத்துச் செல்ல வேண்டுமென்ற எண்ணம் எழவில்லையா? எழுந்தது. மகள் வீட்டார் அழைத்துச் செல்வர் என்ற மறுமொழியும் உடன் எழுந்தது. எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்க ஐந்து நிமிடம் போதும். கேட்கவில்லை.

நாவற்குழிப் பாலத்துக்கு இப்பாலே கார் நின்றுவிட்டது. எஞ்சினிற் குற்றம் இல்லை. முன்னே நகர இடம் இல்லை. நடப்பவர்கள் எங்களைக் கடந்து சென்றார்கள். அவர்களுள்ளே என் ஆசிரியர் வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல். மறு கையைப் பேரன் பிடித்திருந்தான். தலையில் நனைந்த துவாய். மகள் இரண்டு பைகளோடு பின்னே வந்தாள்.

தந்தையார் கண்ணாடியை இறக்கி, “ஐயா, ஏறுங்கோ” என்றார். என்னைப் பார்த்து, “தம்பி, பெட்டியை இறக்கு” என்றார்.

நான் இறங்கினேன். கதவைத் திறந்தேன். மேற்பெட்டியிற் கை வைத்தேன். இறக்கி எங்கே வைப்பது? தெருவெல்லாம் சேறும் நீரும். கை பெட்டியில் இருந்தது, பெட்டி அசையவில்லை. ஆசிரியர் தமது இடத்தில் இருந்த பெட்டிகளைப் பார்த்தார். பின் என் கையின்மேல் தம் கையை வைத்தார்.

“வேண்டாம் தம்பி. கலித்தொகை நனைந்துபோம். நான் நடப்பன்” என்றார்.

பின்னால் நின்ற வண்டிகள் ஒலி எழுப்பின. முன்னே சிறிது இடம் பிறந்தது. தந்தையார் வேறொன்றும் சொல்லவில்லை. நான் கதவைச் சாத்தி ஏறிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது குடைகளுக்கும் சைக்கிள்களுக்கும் இடையில் அவர் தெரியவில்லை.

மார்கழியில், கொடிகாமப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் அவரைக் கண்டேன். இருமிக்கொண்டிருந்தார். காரைப் பற்றி ஒரு சொல் இல்லை. “புத்தகங்கள் சுகமோ?” என்றே கேட்டார். கலித்தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜாம் போத்தல் விளக்கில் இரவெல்லாம் படித்தார் என்று மகள் சொன்னாள். தை பிறந்து இரண்டு கிழமைக்குள் காலமானார். அந்த மழையே காரணம் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. அன்று என்று சொன்னவரும் இல்லை.

1996 இல் நாங்கள் ஊர் மீண்டோம். மோட்டார்ச் சைக்கிளின் சட்டம் மட்டும் கொட்டிலிற் கிடந்தது. நான்கு பெட்டிகளும் ஒரு நூலும் நனையாமல் வீடு வந்து சேர்ந்தன.

திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். மயிற்பீலியே ஆயினும் அளவிறந்து ஏற்றின் வண்டியின் அச்சு முறியும் என்ற கருத்து அங்கே வருகின்றது. மாணவர் எளிதில் விளங்கிக்கொள்கின்றனர். புத்தகம் பீலியினும் பாரமானது. அன்று எங்கள் காரின் அச்சு முறியவில்லை. எல்லாம் பத்திரமாய் வந்து சேர்ந்தன என்றே அயலார் சொன்னார்கள்.

பின்வந்தவை

தந்தையார் மறைந்தபின் ஏ40 என் பெயருக்கு வந்தது. சில ஆண்டுகள் ஓடியது; பின் ஓய்ந்தது. 2002 ஏப்பிரலில் ஏ9 வீதி திறந்தபோது இந்தியாவிலிருந்து வந்த 100 சீ.சீ. மோட்டார்ச் சைக்கிள் ஒன்று வாங்கினேன். சாவியைத் திருப்பி ஒருமுறை உதைத்தால் எழும்பும். பெற்றோல் மணம் அப்பொழுது எனக்குச் சந்தனம்போல் இருந்தது. 2012 இல் மாருதி 800 ஒன்று பழையதாக வாங்கினேன். 796 சீ.சீ., மூன்று சிலிண்டர், சிக்கனமான வண்டி.

இவ்விரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டியது ஒன்றே. நடந்து செல்பவரைக் கண்டால் நிறுத்துவேன். அறிந்தவரா அறியாதவரா என்று பார்ப்பதில்லை. பின்னாசனத்தில் ஒரு பொதியும் வைப்பதில்லை; பரீட்சை விடைத்தாள்களும் என் மடிமேலேதான். பண்டிதருடைய காரில் ஏறினால் ஊர் சுற்றி வீடு போய்ச் சேரலாம் என்று பிள்ளைகள் நகைப்பர். மனைவிக்குக் காரணம் தெரியும்; அவள் நகைப்பதில்லை.

2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தது. தொடக்கத்தில் மோட்டார்ச் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். காருக்கு 20 லீற்றர். தென்னிலங்கை நண்பர் ஒருவர் தொலைபேசியில், “இப்படியும் ஒரு காலம் வருமா?” என்று வருந்தினார். எங்களுக்கு இஃது இரண்டாம் பாடம் என்றேன். தந்தையார் விட்டுச்சென்ற றலி சைக்கிளைத் துடைத்து எண்ணெயிட்டேன். ஒருநாள் அதன் சில்லுக் காற்றுப் போய்விட்டது. புத்தகப் பையோடு உருட்டிக்கொண்டு வந்தேன். பிரவேச பண்டித வகுப்பு மாணவன் ஒருவன் தன் சைக்கிளை நிறுத்தினான். பின்னே அவன் தங்கை இருந்தாள். அவளை இறங்கி நடக்கச் சொல்லிவிட்டு, “ஐயா, ஏறுங்கோ” என்றான். கணமும் அவன் தயங்கவில்லை. அச்சிறுமி என் சைக்கிளை வாங்கி உருட்டிக்கொண்டு வந்தாள். அவனுக்கு இன்னும் நன்னூல் சரியாக வராது. அவனுக்குக் கற்பிக்க எனக்கு என்ன தகுதி என்று அன்று வழிநெடுக எண்ணினேன்.

இனிக் கொழும்பிலிருந்து வந்தவர் செய்தி. “அது துருப்பிடித்துப் போய்விடும் அப்பா, குடுத்துவிடுங்கோ” என்று மகன் வெளிநாட்டிலிருந்து சொல்லுகிறான். அவன் சொல்வதிற் பிழையில்லை. வந்தவரும் நல்லவராகவே தோன்றினார். எஞ்சினைப் பார்த்தார், அடித்தட்டைத் தட்டிப் பார்த்தார், பின்கதவைத் திறந்தார். இடப்பக்க ஆசனத்தில் எங்கள் வீட்டுக் கோழி அடை கிடந்தது. அதற்கு முதல்நாள்தான் முட்டை வைத்தோம். கோழி அவரை ஒரு பார்வை பார்த்தது. அவர் கதவை மெல்லச் சாத்தினார். குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள் செல்லும். அதன்பின் வாருங்கள் என்றேன். இன்று பதினெட்டாம் நாள்.

காருக்கு அவர் விலை சொல்லிவிட்டார். அந்த ஆசனம் யாருடையது என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. அவர் வரும்போது முதலில் அதைச் சொல்லுவேன். கேட்டபின்னும் வேண்டுமாயின் கொண்டு செல்லட்டும்.