ஒரே இரவில் குணமாகுமா மனம்?

(வானொலியில் ஒலிபரப்பான அருளுரை)



‘சந்திரமுகி’ பார்க்காத வீடு நம் வில்லியனூர், பாகூர் பக்கம் அநேகமாக இருக்காது. 2005-இல் வெளிவந்து, சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடிய படம். அதில் ரஜினிகாந்த் மனநல மருத்துவராக வருகிறார். பேயோ ஆவியோ என்று வீடே நடுங்கிக்கொண்டிருக்கும்போது, கங்காவுக்கு வந்திருப்பது மனநோய் என்று கண்டுபிடிக்கிறார். பேய் என்று நினைத்ததை நோய் என்று ஒரு கதாநாயகன் வாயால் சொல்ல வைத்ததே நல்ல காரியம்தான்.

ஆனால் கங்கா எப்படிக் குணமாகிறாள்? ஒரே இரவில்! வேட்டையன் ராஜாவைத் தன் கையாலேயே கொளுத்திவிட்டதாக அவளை நம்ப வைக்கிறார்கள். பழி தீர்ந்தது, நோயும் தீர்ந்தது. மாத்திரை இல்லை. அடுத்த மாதம் வரச் சொல்லும் சீட்டும் இல்லை.

அதே ஆண்டில் வந்த ‘அந்நியன்’ படத்தில் அம்பி இரண்டு ஆண்டுகள் மருத்துவமனையில் இருக்கிறான். திரையில் அது சில நிமிடங்களில் கடந்துபோகிறது. வெளியே வந்தவன் ஓடும் ரயிலில் மறுபடியும் ஒருவனைக் கொல்கிறான். மனநோயாளி என்றாலே ஆபத்தானவர் என்ற பயம் இப்படித்தான் நமக்குள் நுழைகிறது. உண்மையில் மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை.

இரண்டரை மணி நேரத்தில் கதையை முடிக்க வேண்டிய அவசரம் சினிமாவுக்கு உண்டு. அந்த அவசரத்தை நாம் வீட்டுக்கு எடுத்து வரும்போதுதான் துன்பம் தொடங்குகிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை பலன் காட்டவே பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர்ந்து சாப்பிடச் சொல்வார்கள். நாமோ பத்து நாளில், “ஒன்றும் தெரியவில்லையே” என்று நிறுத்திவிடுகிறோம். இல்லையென்றால் கொஞ்சம் தெளிந்ததும், “இனி எதற்கு?” என்று விட்டுவிடுகிறோம். மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்ப வரலாம்.

தாயை அழைத்துக்கொண்டு பாகூரில் பஸ் ஏறி, புதுச்சேரியில் இறங்கி, கோரிமேட்டுக்கு வேறு பஸ் பிடித்து, ஜிப்மரில் வரிசையில் நிற்கிற மகனை நினைத்துப் பாருங்கள். அன்றைய கூலி போயிற்று. மூன்றாம் தடவை கிளம்பும்போது அவனுக்கே அலுத்துப்போகிறது. எந்தப் படமும் காட்டாத அந்த மூன்றாம் பயணத்தில்தான் பல நேரங்களில் குணம் தொடங்குகிறது.

சில படங்கள் உண்மைக்குக் கொஞ்சம் அருகில் வந்திருக்கின்றன. 2016-இல் வந்த ‘டியர் ஜிந்தகி’ என்ற இந்திப் படத்தில் ஷாருக் கான் மனநல ஆலோசகர். மனம் கலங்கி வரும் இளம்பெண் பேசப் பேச, அவர் பொறுமையாகக் கேட்கிறார். பல சந்திப்புகளுக்குப் பிறகுதான் சிறுவயதுக் காயம் வெளியே வருகிறது. அவள் மனம் அவரை நாடும்போது, உறவின் எல்லையை மென்மையாக உணர்த்தி விடைகொடுக்கிறார். நல்ல ஆலோசகர் அப்படித்தான் இருப்பார்.

2012-இல் வந்த ‘3’ படத்தில் தனுஷுக்கு வரும் நோய் நண்பனுக்குத் தெரியும், மருத்துவருக்குத் தெரியும். கட்டிய மனைவிக்கு மட்டும் தெரியாது. முடிவில் அவன் உயிரையே மாய்த்துக்கொள்கிறான். “வெளியே தெரிந்தால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாதே” என்று நோயை மூடி மறைக்கும் குடும்பங்கள் இந்தப் படத்தை இன்னொரு முறை யோசித்துப் பார்க்கட்டும்.

இறைவாக்கினர் எலியாவும் ஒருநாள் மனம் உடைந்து, சூரைச் செடியின் அடியில் படுத்து, சாவை வேண்டினார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வானதூதர் அவரைத் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா மீண்டும் படுத்துக்கொண்டார். வானதூதர் இரண்டாம் முறையும் வந்தார். அதன் பிறகும் நாற்பது நாள் நடை இருந்தது. அன்பானவர்களே, அந்த இரண்டாம் முறைதான் நம் வீடுகளில் குறைவாக இருக்கிறது.

“செபம் போதாதா, சாமி?” என்று கேட்பவர்கள் உண்டு. நம் வில்லியனூர் அன்னை எந்த ஊரின் பெயரைத் தாங்கியிருக்கிறாரோ, அந்த லூர்து நகரிலேயே 1883 முதல் மருத்துவர்களின் ஆய்வு அலுவலகம் இயங்குகிறது. குணம்பெற்றேன் என்று வருபவரையும் அங்கே மருத்துவர்கள் பரிசோதிக்கிறார்கள். திருச்சபை மருத்துவத்தை ஒருநாளும் செபத்துக்கு எதிரியாக நிறுத்தவில்லை. திருத்தலத்துக்கும் வாருங்கள், மருத்துவமனைக்கும் செல்லுங்கள்.

தூக்கமில்லாமல், பேச்சில்லாமல், சாப்பாட்டில் விருப்பமில்லாமல் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது அரசின் ‘டெலி மானஸ்’ சேவை. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். அவரிடம், “இன்னும் சரியாகவில்லையா?” என்று கேட்காதீர்கள். “அடுத்த தடவை நானும் கூட வருகிறேன்” என்று சொல்லுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.