கதை ஒன்றுதான், விலை ஏன் வேறு?

1964 மார்ச்சில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் ‘இந்திரஜால் காமிக்ஸ்’ வரிசையைத் தொடங்கியது. அதன் முதன்மை நாயகன் ஃபாண்டம்; முத்து காமிக்ஸ் வாசகருக்கு வேதாளர், ராணி காமிக்ஸ் வாசகருக்கு மாயாவி. 1990இல் நின்றுபோகும் வரை 800க்கும் மேற்பட்ட இதழ்கள் வந்தன. ஆங்கிலம், இந்தி தவிர தமிழ், மலையாளம் உள்ளிட்ட மொழிகளிலும் வந்தன. கொச்சியின் இடக்கொச்சி, மட்டாஞ்சேரி போலப் பல மொழி புழங்கும் இடத்தில் ஒரே சாகசம் மூன்று மொழிகளில் மூன்று வீடுகளுக்குப் போயிருக்க முடியும். படம் ஒன்று, கதை ஒன்று. ஆனால் இன்று சேகரிப்பாளர் மூன்றுக்கும் ஒரே விலை கொடுப்பதில்லை. கதையின் தரமோ ஓவியரின் பெயரோ இந்த வேறுபாட்டை விளக்காது. அந்தப் பிரதி அச்சகத்திலிருந்து வாசகர் கைக்கு எந்த வழியாக வந்தது, வந்த பிறகு எப்படிப் பிழைத்தது என்பதுதான் விளக்கும்.

இதைத் துல்லியமாகக் காட்டும் சந்தை அமெரிக்காவுடையது. அங்கே காமிக்ஸ் முதலில் பத்திரிகைக் கடைகளில்தான் விற்றது. விற்காத பிரதிகளின் அட்டையைக் கிழித்துத் திருப்பி அனுப்பினால் கடைக்காரருக்கு அவற்றின் பணம் திரும்பக் கிடைத்துவிடும். 1970களின் தொடக்கத்தில் ஃபில் சூலிங் என்ற வியாபாரி வேறொரு முறையை ஏற்படுத்தினார்: காமிக்ஸ் கடைகள் கழிவு விலையில் நேரடியாக வாங்கும், திருப்பித் தராது. இரண்டையும் பிரித்தறிய வேண்டியிருந்ததால் நேரடிப் பிரதிகளுக்குத் தனி அடையாளம் வந்தது. மார்வெல் இதழ்களில் பார்கோடு இருக்க வேண்டிய கட்டத்தில் ஸ்பைடர்மேன் முகம் இருந்தால் அது நேரடிப் பிரதி. காமிக்ஸ் கடைக்கு வந்தவர் அதை உறையிலிட்டுப் பாதுகாத்தார். பத்திரிகைக் கடையில் வாங்கிய பிள்ளையோ மடித்துக் காற்சட்டைப் பையில் செருகியது. 1980களின் தொடக்கத்தில் சாதாரணமாகக் கிடைத்த பத்திரிகைக் கடைப் பிரதி, 2000களில் அரிதாகிவிட்டது. மார்வெல் 2013இலும் டிசி 2017இலும் அந்த வழியையே மூடிவிட்டன. உள்ளே ஓர் எழுத்துகூட மாறாவிட்டாலும், பிந்தைய ஆண்டுகளின் நல்ல நிலையிலுள்ள பத்திரிகைக் கடைப் பிரதிக்கு இன்று கூடுதல் விலை.

இது வியாபாரிகள் கட்டிவிட்ட கதை என்பார் உண்டு. அந்தச் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. யாரும் தேடாத ஓர் இதழில் பார்கோடு இருப்பதால் அது பொன்னாகிவிடாது. ஆனால் தேடப்படும் இதழில் இந்த வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1977இன் ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் இதழ் சான்று. வழக்கமான பிரதியின் விலை 30 சென்ட். விலையேற்றத்தைச் சோதித்துப் பார்க்க, சில வட்டாரங்களுக்கு மட்டும் 35 சென்ட் அச்சிட்டுச் சிறிய எண்ணிக்கையில் அனுப்பினார்கள். இன்று அந்த ஐந்து சென்ட் வேறுபாடு பல மடங்கு விலை வேறுபாடாக நிற்கிறது. அரிதாக இருப்பது மட்டும் போதாது, அதை விரும்பும் ஆளும் வேண்டும். இரண்டும் கூடினால்தான் வந்த வழி விலையாகிறது.

நம் பக்கம் இந்த அடையாளங்கள் இவ்வளவு தெளிவாக இல்லை; ஆனாலும் கதை அதுவேதான். 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு (இவர் ஃபாண்டம் அல்ல, வேறு நாயகன்) சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் வந்த லயன் காமிக்ஸும் ஏஜெண்டுகள் வழியாகக் கடைகளுக்குப் போனவை. அதே 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸ், தினத்தந்தி குழுமத்தின் பலத்தோடு சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை எட்டியது. வாடகை நூலகங்கள் பல இதழ்களைச் சேர்த்து, ஓரம் வெட்டி, பைண்டு செய்தன. எஞ்சியவை எடைக்குப் போயின. அச்சான எண்ணிக்கை பெரிதாக இருந்தும் அட்டையோடு, தைத்த கம்பிப் பின்னோடு, வெட்டாத ஓரத்தோடு மிஞ்சியவை குறைவு. 2012க்குப் பிறகு லயன், முத்து இதழ்கள் பெரும்பாலும் சந்தா, முன்பதிவு, புத்தகக் காட்சி என்ற வழிகளுக்கு மாறின. அவை அச்சாவது குறைவு. ஆனால் வாங்குகிறவர் சேகரிப்பாளர், கிழியவிட மாட்டார். அதனால் குறைவாக அச்சான புதிய இதழைவிட, நிறைய அச்சான பழைய இதழ் அரிதாக இருப்பதில் வியப்பில்லை.

மறுபதிப்பு வந்தால் பழையதன் மதிப்பு விழாதா என்பது அடுத்த கேள்வி. படிக்க மட்டும் தேடியவர் மறுபதிப்போடு விலகிவிடுவார். அந்த அளவுக்கு விழும். ஆனால் இரும்புக்கை மாயாவி பலமுறை மறுபதிப்பாகியும் 1972 பிரதியைத் தேடுவோர் ஓயவில்லை. புதிய அச்சு கதையைத் தரும். அந்தக் காலத்துத் தாளையும் கடை முத்திரையையும் தராது. நிலைதான் எல்லாம், வழி எதற்கு என்று கேட்பவருக்கும் இதில் பதில் உண்டு. அமெரிக்காவில் முன்பு சந்தாப் பிரதிகளை நீளவாட்டில் மடித்தே அஞ்சலில் அனுப்பினார்கள். அந்த மடிப்புத் தழும்பு இன்றும் விலையைக் குறைக்கிறது. நிலையைத் தீர்மானித்ததே வந்த வழிதான்.

காயலோரத்து இடக்கொச்சியின் ஈரக்காற்றில் பின் துருப்பிடிக்கும், தாள் பழுக்கும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய இந்திரஜாலோ ராணியோ இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் மொழி, விலை, பதிப்பு விவரம், கடை முத்திரை, நான்கையும் பாருங்கள். ஓரத்தை வெட்டி பைண்டு செய்ய வேண்டாம். துருப்பிடித்த பின்னையும் நீங்களே பிடுங்க வேண்டாம்.