வளர்ப்பு மீனும் கழிவு நீரும்

மீன் ஆணம் இல்லாமல் நம் வீடுகளில் சோறு இறங்குவதில்லை. இப்போது சந்தைக்கு வரும் ரோகு, கட்லா பெரும்பாலும் குளத்தில் வளர்த்தவை. அந்தக் குளத்துக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று நாம் கேட்பதே இல்லை.

கொல்கத்தாவின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம் இருக்கிறது. நகரத்தின் சாக்கடை நீரைத் தேக்கி, வெயிலிலும் பாசியிலும் தெளியவைத்து அங்கே மீன் வளர்க்கிறார்கள். அருமையான ஏற்பாடுதான். அழுக்கும் கிருமியும் குறையும். ஆனால் உலோகம் அழியாது, சேற்றில் படியும். தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியம் அந்தக் கால்வாய்களில் கலந்தது. அவ்வாலைகளை இடம் மாற்றச் சொல்லி 1996இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

உலோகத்தால் முதலில் அடிபடுவது மீன்தான். செம்பு மிகுந்தால் செவுள் பழுதாகி மூச்சு முட்டும். காட்மியமோ, கால்சியம் நுழையும் வழியிலேயே உள்ளே போய் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கிவிடும். மீன் உடனே சாகாது. வளர்ச்சி குன்றும், அடிக்கடி நோய் வரும். பண்ணைக்காரர் மருந்துக்கு மேல் மருந்து வாங்குவார், காரணம் தண்ணீரில் இருக்கும். பாசி போக மயில்துத்தத்தை அளவில்லாமல் கொட்டினாலும் இதே கதிதான்.

காட்மியமும் ஈயமும் சதையைவிடச் செவுள், ஈரல், சிறுநீரகத்தில்தான் அதிகம் சேரும். ஆகவே தலை ஆணம் வைக்கும்போது செவுளை முழுதாக எடுத்துவிடுங்கள். குடலையும் ஈரலையும் சமைக்க வேண்டாம். பாதரசம் மட்டும் சதையிலேயே ஊறும். மஞ்சள் போட்டுக் கழுவினாலும் பொரித்தாலும் போகாது. சேற்றில் மேயும் மிர்கால், சாதாக் கெண்டை வாங்கும்போது எந்தக் குளத்து மீன் என்று கட்டாயம் கேளுங்கள்.