நிலாவைக் கிட்டே இழுக்கும் காமிரா!

பள்ளிப்பட்டில் மொட்டை மாடியில் நின்றபடியே முழு நிலாவைப் படம் பிடிக்கலாம். நிலா படத்துக்குள் அடங்காது. மேலும் கீழும் பிதுங்கிக்கொண்டு நிற்கும்!

இந்த வேலையைச் செய்வது "நிக்கான் பி 1000" என்ற காமிரா. 2018-ம் ஆண்டில் வெளிவந்தது. அதன் 'சூம்' 125 மடங்கு.

சிறிய காமிராவுக்கும், லென்சு மாற்றும் பெரிய காமிராவுக்கும் நடுவே பாலம் போல இருப்பதால் இது "பிரிட்ஜ் காமிரா". இதன் லென்சைக் கழற்ற முடியாது. கழற்ற வேண்டிய தேவையும் இல்லை. திருத்தணிக் கோவிலில் குடும்பத்தை நிற்க வைத்து எடுப்பதும், பழவேற்காடு ஏரியில் தூரத்தில் நிற்கும் பூநாரையை எடுப்பதும் அதே லென்சுதான். வேறு லென்சு வாங்கும் செலவு மிச்சம்.

அப்படியானால் குறையே இல்லையா?

இருக்கிறது. படம் பதியும் 'சென்சார்' மிகச் சிறியது. சுண்டுவிரல் நகம் அளவுகூட இராது! பெரிய காமிராவில் இருப்பதில் சுமார் 30-ல் ஒரு பங்கு. அதனால் வெளிச்சம் போதாது. ஆடிக் கிருத்திகைத் தெப்பத்தை இரவில் எடுத்தால் படம் புள்ளி புள்ளியாக விழும்.

நிலா மட்டும் இரவில் எப்படி விழுகிறது? நிலாவின் மேல்தான் வெயில் அடிக்கிறதே!

உச்சி வெயிலில் வேறு தொல்லை. சூட்டுக் காற்று நெளியும். தூரத்துப் பறவையும் சேர்ந்து நெளியும். விடியற்காலையில் போவதே நல்லது.

கல்யாண மண்டபத்துக்குள் படம் எடுக்க இது வேண்டாம். பறவை பார்க்கிற வீட்டுக்கு வாங்கலாம்.

எடை 1,415 கிராம். திருத்தணியின் 365 படிகளையும் இதைச் சுமந்து ஏறியதும் கை நடுங்கும். முழுச் சூமில் எடுக்க, முக்காலி ஸ்டாண்டையும் சேர்த்துத் தூக்கத்தான் வேண்டும்!