ஸ்பீக்கர் மாற்றப் போகிறீர்களா? முதலில் கப்பல் ஊதுவதைக் கேளுங்கள்!

ராயபுரத்தில் ராத்திரி மொட்டை மாடியில் நின்றால் துறைமுகத்தில் கப்பல் ஊதுவது கேட்கும். அந்த ஊதலுக்கும் சட்டம் இருக்கிறது, தெரியுமா? 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமான கப்பல் என்றால் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் ஊத வேண்டும். 75 மீட்டருக்கும் குட்டையானது என்றால் 250 முதல் 700. 1972-ம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதி இது. கண்ணை மூடிக்கொண்டே வருவது பெரிசா சின்னதா என்று சொல்லிவிடலாம்!

அந்த 70 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட 5 மீட்டர், அதாவது 16 அடி. எங்கள் ஹாலே பத்துக்குப் பன்னிரண்டு! அண்ணா சாலை ஷோரூமில் லட்ச ரூபாய் ஸ்பீக்கரைக் கேட்டுச் சொக்கிப் போய் வந்த எனக்கு இந்தக் கணக்குதான் முதலில் உறைத்தது. 12 அடி நீள அறையில் சுமார் 47 ஹெர்ட்ஸ் ஒலி சுவருக்குச் சுவர் மோதி அங்கேயே நிற்கும். சுவர் ஓரம் உட்கார்ந்தால் பேஸ் கிடார் வயிற்றைக் குலுக்கும். நட்ட நடுவில் உட்கார்ந்தால் அந்த ஒரு சுரம் மட்டும் காணாமல் போகும். சோபாவை இரண்டடி நகர்த்திப் பாருங்கள், ஸ்பீக்கரையே மாற்றியதுபோல இருக்கும். பைசா செலவில்லை!

சின்ன ஸ்பீக்கரில் பேஸே கேட்காது என்று நினைக்கிறீர்களா? திருவொற்றியூர் ஆலையில் பிறந்த புல்லட் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1,000 சுற்றில் நின்றபடி ஓடும்போது அதன் ஒற்றை சிலிண்டர் நொடிக்கு எட்டு முறைதான் வெடிக்கிறது. நம் காதுக்குச் சுரமாகக் கேட்பதோ சுமார் 20-லிருந்து. அப்படியிருந்தும் கைப்பேசியில் போட்டால்கூடப் புல்லட் புல்லட்தான்! மேலே இருக்கும் ஒலிகளின் துடிப்பை வைத்தே மூளை அதை அடையாளம் கண்டுவிடுகிறது. சின்ன ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் வராவிட்டாலும், 100, 150, 200 வந்தால் போதும், அடியில் இல்லாத 50-ஐ மூளையே போட்டுக் கேட்டுக்கொள்ளும்.

ஷோரூமில் எல்லாமே இனிப்பதற்கும் காரணம் உண்டு. சத்தம் குறையக் குறைய நம் காது பேஸைத்தான் முதலில் கைவிடுகிறது. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். கடையில் உரக்கக் கேட்ட அதே பாட்டை ராத்திரி பத்து மணிக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும்போது, அடக்கி வைத்துக் கேட்டால் வேறு பாட்டாகத்தான் இருக்கும். 50 வாட் ஆம்ப்ளிஃபயரை 100 வாட் ஆக்கினால் இரண்டு மடங்கு சத்தமா? இல்லவே இல்லை, 3 டெசிபல்தான் ஏறும். இரண்டு மடங்காகக் கேட்கப் பத்து மடங்கு வாட் வேண்டும்!

இதைவிட என்னை உலுக்கியது 1994-ல் ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் நடத்திய சோதனை. 40 பேரைத் திரைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கர்களைக் கேட்க வைத்தார்கள். அதே ஸ்பீக்கர்களைப் பார்த்தபடியும் கேட்க வைத்தார்கள். மதிப்பெண்கள் மாறிப்போயின. தங்கள் நிறுவனத்தில் வேலை செய்பவர்களையே வைத்து நடத்திய சோதனை அது! தோற்றமும் பெயரும் காதுக்குள் புகுந்துவிடுகின்றன.

என் பழைய ஸ்பீக்கர் ஜோடிக்கு வருவோம். கோனைச் சுற்றியிருந்த ஃபோம் வளையத்தை விரலால் தொட்டேன், கறுப்புத் தூளாய் உதிர்ந்தது. ஈரப்பதம் அந்த நுரையை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். ரிச்சி தெருவில் கொடுத்து ரப்பர் வளையம் போட்டு வாங்கி வந்தேன்.

பிறகு கடைக்காரரிடம் கெஞ்சி, புது ஜோடியை இரண்டு நாளுக்கு வீட்டுக்கே எடுத்து வந்தேன். இரண்டு ஜோடியையும் ஆம்ப்ளிஃபயரின் ஏ, பி முனைகளில் மாட்டி, கைப்பேசி மீட்டரை வைத்து இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். முன்னால் அப்பாவின் மெல்லிய மல் வேட்டியைக் கொடியில் விரித்துக் கட்டியாயிற்று. தம்பி ஸ்விட்சை மாற்றி மாற்றிப் போட்டான். பத்துச் சுற்றில், “இதுதான், இதுதான்!” என்று நான் கை தூக்கியது ஆறு முறை பழைய ஜோடிக்கு.

திங்கட்கிழமை காலை புதுசு கடைக்குத் திரும்பியது.