பேரம் பேசி வாங்கிய பிரேக்

கத்தரிக்காய் வாங்கினால் காம்பைத் திருப்பிப் பார்ப்பேன். வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடித்துப் பார்ப்பேன், கடைக்காரர் முறைத்தாலும் சரி. அட்டையில் தேதி பார்க்காமல் மாத்திரை வாங்கிக்கொண்டு மருந்துக் கடையை விட்டு இறங்கியதே இல்லை. "உன்னை ஏமாற்றுகிறவன் இனிமேல்தான் பிறக்கணும்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அப்படிப்பட்ட நான் போன வருஷம் ஆவணி மாதம் நன்றாக ஏமாந்தேன். அதுவும் எதில் என்கிறீர்கள்? கார் பிரேக்கில்!

"கார் சமாசாரமெல்லாம் ஆம்பிளைகள் பாடு" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நானும் அப்படி நினைத்தவள்தான்.

எங்கள் வீடு செம்பாக்கத்தில். 12 வருஷத்துப் பழைய சின்னக் கார் ஒன்று இருக்கிறது. அவருக்குச் சர்க்கரையால் பார்வை கொஞ்சம் மங்கிவிட்டதால் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். எங்கேயாவது போக வேண்டுமானால் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுவோம். பெரும்பாலும் அகரம்தென் பக்கத்திலிருந்து ஒரே தம்பிதான் வருவார். சத்தம் போட்டுப் பேச மாட்டார். வண்டியை ஓட்டிக்கொண்டே செல்போன் பேசவும் மாட்டார்.

காரை சர்வீஸ் விட்டபோது, முன் சக்கரத்து பிரேக் பேடு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார் ஒர்க்‌ஷாப்காரர். "கம்பெனி பேடு 1,800 ரூபாய் ஆகும்மா. இன்னொண்ணு இருக்கு, 700தான். டப்பா, பேரு எல்லாம் அதேதான்" என்று இரண்டையும் மேஜை மேல் வைத்தார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதே பெயர், அதே நிறம். அப்புறம் எதற்கு 1,100 ரூபாயைத் தண்டம் அழ வேண்டும்? அதோடு விட்டேனா? பேரம் பேசி 650க்கு இறக்கினேன். "பில் போட்டா வரி சேரும்மா" என்றார். "பில்லே வேண்டாம்" என்றேன். வீட்டுக்கு வந்து பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து டிரைவர் தம்பி, "அம்மா, பிரேக் மிதிச்சா கீச்சுன்னு சத்தம் வருது. ஒரு தரம் காட்டிடுங்களேன்" என்றார். "புது பேடுப்பா, பழகினா சரியாயிடும்" என்று மெக்கானிக் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. ஒரு நாள் சம்பளத்துக்கு வருகிறவர், எவ்வளவு தூரம்தான் சொல்வார்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடிச்சூரில் எங்கள் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. நான், என் மாமியார், நாத்தனார் பெண், அவள் மடியில் எட்டு மாதக் குழந்தை. தாம்பரம் ரயில்வே மேம்பாலத்தில் ஏறி, ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். முன்னால் ஒரு மாநகர பஸ் நின்றிருந்தது. திடீரென்று அம்மிக் கல்லில் இரும்பைத் தேய்க்கிற மாதிரி கரகரவென்று ஒரு சத்தம். வண்டி நிற்கவில்லை. தம்பி கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரத்துச் சுவரில் இடது பக்கத்தை உரசவிட்டு எப்படியோ நிறுத்தினார். பஸ்ஸின் பின்பக்கம் ஒரு கை தூரத்தில் இருந்தது. சீர்வரிசைத் தட்டில் இருந்த வளையலெல்லாம் காலடியில் சிதறிக் கிடந்தன. குழந்தை வீறிட்டு அழுதது.

நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? "ஏம்ப்பா, பார்த்து ஓட்டக் கூடாதா? பச்சைக் குழந்தையை வச்சுக்கிட்டிருக்கோம்!" என்று அந்தத் தம்பியைக் கத்தினேன். அவர் கை ஸ்டியரிங்கிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. "பிரேக் உள்ளே போயிடுச்சும்மா" என்றார். என் காதில் ஏறவில்லை. அன்று சாயந்திரமே என் வீட்டுக்காரர் டிரைவர் அனுப்பும் ஆபீசுக்குப் போன் போட்டு, "இனிமேல் அந்தப் பையன் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் சேலையூரில் வேறொரு மெக்கானிக்கிடம் காரை இழுத்துப் போய்க் காட்டினோம். வயசானவர். சக்கரத்தைக் கழற்றி, பேடை என் கையிலேயே கொடுத்தார். அடிப்பாகம் பிய்ந்து தனியே வந்த செருப்பைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே மாதிரி இரும்புத் தகடு மட்டும் இருந்தது. அதன் மேல் ஒட்டியிருக்க வேண்டிய கறுப்புக் கட்டியைக் காணோம்.

அவர் நிதானமாக விளக்கினார். பேடு என்பது ஒரு இரும்புத் தகடு. அதன் மேல் உராய்வுக்கென்றே தயாரித்த ஒரு கலவையைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டியிருப்பார்கள். பிரேக் மிதிக்கும்போது இந்தக் கட்டிதான் சுழலும் தட்டைக் கவ்விப் பிடிக்கிறது. அப்போது உண்டாகும் சூடு சில நூறு டிகிரி வரை போகும். நல்ல பேடு அதைத் தாங்கும். போலியில் பசையும் மட்டம், கலவையும் மட்டம். சூடு ஏறினால் பிடிப்பு போய்விடும், இல்லாவிட்டால் கட்டியே பிய்ந்துவிடும். பிய்ந்தால் அந்த இடைவெளியை நிரப்ப பெடல் கீழே இறங்கிவிடுகிறது, இரும்போடு இரும்பு உரசுகிறது. "டிரைவர் கைப்பிரேக் போட்டு ஓரம் கட்டினாரு பாருங்க, வேற ஆளா இருந்தா பஸ்ஸுக்குள்ளதான் போயிருக்கும்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உடைந்த பேடை எடுத்துக்கொண்டு பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். "இது எங்க கிட்ட வாங்கினதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று ஒரே கேள்வி. பில்லே வேண்டாம் என்று சொன்னவள் நான்தானே!

பில் மட்டும் இருந்திருந்தால் கதையே வேறு. நம் நாட்டில் 1986லேயே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019 ஆம் ஆண்டுச் சட்டம், குறையுள்ள பொருளால் உடம்புக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால் தயாரித்தவரோடு விற்றவரையும் பொறுப்பாக்க வழி செய்திருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தும் புகார் கொடுக்கலாம். ஆனால் எதற்கும் கையில் ஒரு துண்டுக் காகிதம் வேண்டும்.

அன்று மாலை அகரம்தென்னுக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். அந்தத் தம்பி வீட்டில் இல்லை. பத்து நாளாக ஆபீசில் வேலை தராததால் வேறெங்கோ லோடு வண்டிக்குப் போயிருந்தார். அவர் மனைவி, இடுப்பில் குழந்தையோடு, என்னை உட்காரச் சொல்லி நாற்காலி போட்டாள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். விட்டுப்போன சம்பளத்தையும் கொடுத்தேன். "வண்டியில எது போனாலும் டிரைவர் மேலதான் பழி போடுவாங்கம்மா. பழகிடுச்சு" என்றாள், கோபமே இல்லாமல். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

யோசித்துப் பாருங்கள். பஸ்ஸோ, வேனோ, காரோ, அதை ஓட்டுகிறவர் அதற்கு சாமான் வாங்குவதில்லை. சிக்கனம் பிடிப்பவர் வேறு, அந்தச் சிக்கனத்தின் மேல் உட்கார்ந்து ஓட்டுகிறவர் வேறு.

முடிச்சூர் என்றதும் இந்தப் பக்கத்துத் தாய்மார்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். 2012 ஜூலை 25. தனியார் பள்ளிக்கூட பஸ் ஒன்று முடிச்சூர் அருகே போய்க்கொண்டிருந்தபோது, தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை கீழே விழுந்து, அந்த பஸ்ஸின் சக்கரத்திலேயே சிக்கி இறந்துபோனாள். அதற்குக் கொஞ்சம் முன்புதான் அந்த பஸ்ஸுக்குத் தகுதிச் சான்று கொடுத்திருந்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் பள்ளி பஸ்களுக்கென்று தமிழ்நாட்டில் 2012இல் தனி விதிகள் வந்தன. இப்போது வருஷா வருஷம் பள்ளி திறக்குமுன் பஸ்களை மைதானத்தில் நிறுத்திப் பார்க்கிறார்களே, அவசர வழி இருக்கிறதா, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதா என்று, அது இந்த விதிகளின்படி நடப்பது. நம் குழந்தை வேனில் போகிறது என்றால் ஒரு நாள் நாமும் உள்ளே ஏறிப் பார்ப்பதில் தப்பில்லை. தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் வேன்காரர் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்!

சேலையூர் மெக்கானிக்கிடம் அதன் பிறகு நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு மிகவும் புதிதாக இருந்தது பிரேக் ஆயில் விஷயம். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்விட்டுக்கொள்கிறதே, அதேபோல் பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். டாட் 4 என்ற வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்துவிட்டால் 155 டிகிரிதான் கணக்கு. ஏற்காடோ கொடைக்கானலோ போய்விட்டு இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் உள்ளே கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிவிடும். சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்றிவிட வேண்டும் என்கிறார். எங்கள் காரில் எப்போது மாற்றினோம் என்று கேட்டபோது வீட்டுக்காரர் உத்தரத்தைப் பார்த்தார்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். மாத்திரை அட்டையில் தேதி பார்க்கிற நமக்கு இது பெரிய வித்தையா?

பழைய சாமானே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நம்மூரில் யாருக்குத்தான் புதுப்பேட்டை தெரியாது? கண்ணாடி, கதவு, பம்பர் இதெல்லாம் அங்கே மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். வண்டி நிற்பதும் திரும்புவதும் அதனால் கெடாது. ஆனால் பிரேக், ஸ்டியரிங்கின் டை ராடு, டயர், ஸீட் பெல்ட், ஏர்பேக் இவற்றில் பழையதும் வேண்டாம், டூப்ளிகேட்டும் வேண்டாம். ஸ்கூட்டரில் பிள்ளையைப் பள்ளியில் விடுகிறவர்களுக்கும் இதேதான், பிரேக் ஷூவும் கேபிளும் அதே ஜாதி. ஹெல்மெட்டிலும் 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததை விற்கவே கூடாது என்று சட்டம். ரோட்டோரத்தில் என்னவோ விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கம்பெனி சாமானிலும் தப்பு வரும், அதையும் சொல்ல வேண்டும். தகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக்கில், காற்றை நிரப்பும் மருந்து பல வருஷ வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டு, விபத்தின்போது வெடித்து இரும்புத் துண்டுகளை முகத்தில் வீசியடித்தது. பல நாடுகளில் உயிர்கள் போயின. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அந்தக் கம்பெனி 2017இல் திவாலானது. நம் நாட்டிலும் ஹோண்டா போன்ற கம்பெனிகள் கார்களை அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுத்தன. வெப்பமும் ஈரமும் என்றால் நம் சென்னையைவிட வேறு ஊர் வேண்டுமா? செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியவர்களுக்குக் கம்பெனியின் கடிதம் பழைய சொந்தக்காரர் விலாசத்துக்கே போய்விடலாம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சொன்னால், நம் வண்டி அந்தப் பட்டியலில் உண்டா என்று பார்த்துச் சொல்வார்கள்.

இப்போதெல்லாம் ஒர்க்‌ஷாப்புக்கு நானும் போகிறேன். என்ன மாற்றினாலும் கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். புதுசின் டப்பாவையும் கேட்கிறேன். எழுத்து மங்கலாகவோ, பெயரில் ஓர் எழுத்து மாறியோ இருந்தால் போட விடுவதில்லை. "இந்தம்மா வந்துட்டாங்கடா" என்று பையன்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், பில் வந்துவிடுகிறது. அது ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே பத்திரமாக இருக்கிறது.

அதே தம்பிதான் இப்போதும் எங்களுக்கு ஓட்டுகிறார். கிளம்புமுன் கேட் அருகே காரை நகர்த்தி மூன்று தடவை பிரேக்கை மிதித்துப் பார்க்கிறார். கீச்சென்று ஏதாவது கேட்டால் முதலில் அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் உடனே இறங்கிவிடுவேன். என் மாமியார் மட்டும், "நல்ல நேரம் முடியப் போவுது, கிளம்பாம என்ன ஆட்டிக்கிட்டிருக்கான்?" என்று முன் ஸீட்டிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.