கணிதமும் கணிப்பொறியும்

கல்லூரியிற் சேருங்கால், கணிதம் கற்பதா, கணிப்பொறியியல் கற்பதா என்று மயங்கும் மாணவர் நம்மிடைப் பலர். பின்னதே பிழைப்புக்கு வழி, முன்னது வெறும் ஏட்டுக்கல்வி என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்துமாவென ஆராய்தற்கு நம் நாஞ்சில் நாட்டிலேயே தக்க சான்றொன்று உளது.

சரக்கல்விளையில் உழவர் குடியிற் பிறந்த திரு. கை. சிவன் அவர்கள், நாகர்கோவில் தெ. தி. இந்துக் கல்லூரியிற் கணிதம் கற்றுப் பட்டம் பெற்றார். பின்னர் விமானப் பொறியியல் பயின்று, 1982இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் அமர்ந்து, 2018 முதல் 2022 வரை அதன் தலைவராய் விளங்கினார். ஏவூர்தியின் பாதையை முன்கூட்டியே கணித்தறியும் 'சித்தாரா' என்னும் கணிப்பொறி நிரலை வகுத்தவருள் தலைமையானவர் அவரே.

அந்நிரல் செய்வது யாது? பறக்கும் ஏவூர்திக்கு மூவகைப் பெயர்ச்சியும் மூவகைச் சுழற்சியும் உண்டு. உந்துவிசை, புவியீர்ப்பு, காற்று ஆகியவற்றால் இவ்வாறும் கணந்தோறும் மாறுவன. அம்மாற்றங்களைச் சமன்பாடுகளாக அமைப்பது கணிதம். காலத்தைச் சிறுசிறு கூறுகளாக்கி, ஒவ்வொன்றிற்கும் விடை கண்டு செல்வது கணிப்பொறி. சமன்பாடு பிழைபடின், பொறி அப்பிழையையே விரைந்து பெருக்கித் தரும்.

ஆதலின், கணிதம் எடுத்தோர் மனந்தளர வேண்டுவதில்லை, நிரலெழுதவும் பழகுவாராக. கணிப்பொறியியல் எடுத்தோர், நிரலெழுதுமுன் தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கை ஒருமுறை தாமே செய்து பார்ப்பாராக. பொறிகளும் அவற்றின் மொழிகளும் சில ஆண்டுகளில் மாறிவிடும். நியூட்டன் காலத்து நுண்கணிதமோ இன்றும் ஏவூர்தியை வழிநடத்துகின்றது.